சாய்ந்த சிலுவை: அமெரிக்கத் தென்மாநிலப் போர்க்கொடியும் திருச்சபையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் பயணம் செய்வோர் இன்றும் சில வீட்டு முற்றங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஒரு கொடியைக் காணலாம். சிவப்பு நிலத்தின்மேல் மூலைக்கு மூலை செல்லும் நீலச் சிலுவை. அதற்கு வெண்ணிறக் கரை. சிலுவையின் கைகளில் 13 வெண்மீன்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஐக்கிய அரசிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் வீரர் ஏந்திய போர்க்கொடி இதுவே. ஒருவர் இதனைத் தம் முப்பாட்டனின் கல்லறையருகே நட்டு, தலைகுனிந்து நிற்கிறார். வேறொருவர் இதனைக் கண்டமாத்திரத்தில் தம் முன்னோர் விற்கப்பட்ட சந்தையையும், தூக்கிலிடப்பட்ட மரத்தையும் நினைக்கிறார். இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். பெரும்பாலும் ஒரே சபைப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

இவ்வழக்கு நமக்கு ஏன் என்று நம் இறையியல் மாணவர் கேட்கலாம். அக்கொடியில் இருப்பது சிலுவை என்பதே முதல் விடை. அதனை ஏந்தியோரும், அதனை எதிர்த்துப் போரிட்டோரும், அதன் நிழலில் அடிமைகளாய் உழைத்தோரும் ஒரே வேதாகமத்தைப் படித்தனர் அல்லது படிக்கக் கேட்டனர். ஆபிரகாம் லிங்கன் 1865 மார்ச் மாதத்தில் இரண்டாம் முறை பதவியேற்றபோது இதனையே சுட்டிக்காட்டி வியந்தார்.

கொடி பிறந்த வரலாறு

தென்மாநிலங்கள் 1861 பெப்ருவரியில் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கூடித் தனிக் கூட்டரசு ஒன்றை அமைத்தன. தொடக்கத்தில் சேர்ந்தவை ஏழு. பின்னர் பதினொன்று ஆயின. இப்பதினொரு மாநிலங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 90 இலட்சம் மக்களில் 35 இலட்சம் பேர் அடிமைகள். அவ்வாண்டு மார்ச் 4ஆம் நாள் புதிய அரசு ஏற்றுக்கொண்ட கொடி நாம் மேலே கூறிய கொடியன்று. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகளும், மேல்மூலையில் நீலச் சதுரத்துள் விண்மீன் வட்டமும் கொண்ட அது, ஐக்கிய அரசின் கொடியைப் பெரிதும் ஒத்திருந்தது. ஜூலை 21ஆம் நாள் வர்ஜீனியாவில் மனாசஸ் என்னுமிடத்தில் நடந்த முதற் பெரும்போரில், புகைக்கும் புழுதிக்கும் இடையே இரண்டு கொடிகளையும் வேறுபடுத்திக் காண இயலாமற் படைத்தலைவர்கள் இடர்ப்பட்டனர். இதன் பின்னரே போர்க்களத்திற்கென்று தனிக்கொடி வேண்டுமென்று தளபதி போரிகார்டு வற்புறுத்தினார்.

அவருக்கு ஒரு வரைவை அளித்தவர் தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் என்பவர். கூட்டரசின் மன்றத்தில் கொடிக் குழுவின் தலைவராய் இருந்தவர். அவர் முதலில் வரைந்த கொடியில் சிலுவை நிமிர்ந்தே நின்றது. தென் கரோலினா பிரிவினைப் பேரவையில் தொங்கிய கொடியைப் பின்பற்றி அதை அவ்வாறு அமைத்திருந்தார். அச்செய்தி வெளிவந்தபோது சார்லஸ் மொய்ஸ் என்னும் தென்மாநில யூதர் அவருக்குக் கடிதம் எழுதி, ஒரு சமயத்தாரின் அடையாளத்தை நாட்டின் அடையாளமாக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். மைல்ஸ் அதற்கு இணங்கிச் சிலுவையைச் சாய்த்தார். சாய்த்த வரைவை மன்றக் குழுவினர் ஏற்கவில்லை. காற்சட்டையைத் தாங்கும் தோள்வார் போலிருக்கிறது என்று ஒருவர் நகைத்தாராம். ஆனால் படைத்தலைவர்களுக்கு அது பிடித்துவிட்டது.

1861 ஆகஸ்டில் மைல்ஸ் போரிகார்டுக்கு எழுதிய கடிதம் நம் நோக்கத்திற்கு மிக முக்கியமானது. சிலுவையைச் சாய்த்து வைத்ததால் யூதருடைய தடை மட்டுமன்றிப் புரொட்டஸ்டண்ட் பிரிவினர் பலருடைய தடையும் நீங்கிற்று என்றும், இவ்வடிவம் சமயத்தைச் சார்ந்ததாயிராமல் மரபுச் சின்னக்கலையைச் சார்ந்ததாய் இருக்கிறது என்றும் அவர் அதில் விளக்கினார். அக்காலத்து அமெரிக்கப் புரொட்டஸ்டண்டார் பலர் சிலுவை அடையாளத்தை ரோமச் சபைக்குரியதென்று ஐயுற்றனர் என்பதை நினைவிற்கொண்டால் இக்கூற்று விளங்கும். சுருங்கச் சொன்னால், இக்கொடியில் உள்ள சிலுவை, பார்ப்போர் அதைக் கிறிஸ்துவின் சிலுவையென்று கொள்ளாதிருக்கும்படியே சாய்க்கப்பட்டது. இதனை இன்று கிறிஸ்தவச் சின்னமென்றும், அப்போஸ்தலனாகிய அந்திரேயா அறையுண்ட சிலுவையின் வடிவமென்றும் கூறி அதற்குத் திருநிலை தேடுவோர், அதை வரைந்தவனுடைய சொல்லுக்கு மாறாகவே பேசுகின்றனர்.

கொடி தைக்கப்பட்ட வடிவமும் சதுரமே; காலாட்படைக்கு 48 அங்குலம், பீரங்கிப் படைக்கு 36, குதிரைப் படைக்கு 30. இன்று கடைகளில் விற்கும் நீண்ட கொடியை வர்ஜீனியப் படைவீரன் ஒருவன் கண்டால் தன்னுடையதன்று என்றே சொல்லியிருப்பான். அவ்வடிவம் கப்பற்படையிலும் மேற்குப் போர்முனையில் டென்னசிப் படையிலும் வழங்கியது.

1863 மே மாதத்தில் இப்போர்க்கொடி வெண்துணியின் மேல்மூலையில் வைக்கப்பட்டு அரசின் இரண்டாம் கொடியாயிற்று. அவ்வடிவத்தைப் பரிந்துரைத்த சவானா நகரத்து இதழாசிரியர் தாம்ப்சன், அதை வெள்ளையனின் கொடியென்றே தம் இதழில் புகழ்ந்தார். தாழ்ந்த இனத்தின்மேல் வெள்ளை இனத்திற்குத் தெய்வம் அளித்த மேன்மையை அவ்வெண்மை காட்டுகிறது என்பது அவர் விளக்கம். அரசு அவ்விளக்கத்தை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் அக்கூற்றைக் கேட்டு அக்காலத்தில் வெள்ளையர் எவரும் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. காற்றில்லா நாளில் அக்கொடி சரணாகதிக் கொடிபோல் தொங்கியதால் 1865 மார்ச்சில் ஓரத்தில் சிவப்புப் பட்டை சேர்த்தனர். அடுத்த மாதமே லீ சரணடைந்தார்.

மூலைக்கல்

போர் எதற்காக நடந்தது என்ற வினாவில்தான் கொடியின் பொருளும் அடங்கியிருக்கிறது. மாநில உரிமைக்காக, வரிக்கொள்கைக்காக, சொந்த மண்ணைக் காப்பதற்காக என்று பிற்காலத்தார் பலவாறு கூறுவர். போர் தொடங்குமுன் பேசியவர்களுக்கு இத்தகைய தயக்கம் இருக்கவில்லை. மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினை அறிக்கையிலேயே தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் ஒன்றிப்போனது என்று எழுதிவைத்தது. கூட்டரசின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21ஆம் நாள் சவானாவில் ஆற்றிய உரையில், மனிதர் யாவரும் சமம் என்ற எண்ணம் பிழையென்றும், கறுப்பின மனிதன் வெள்ளையனுக்குச் சமமல்லன் என்ற பேருண்மையே புதிய அரசின் மூலைக்கல் என்றும் வெளிப்படையாக முழங்கினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. முன்னே கட்டினவர்கள் தள்ளின கல் இதுவே என்றும், இப்போது அதுவே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று என்றும் சங்கீதத்தின் மொழியை எடுத்து ஆண்டார். சுவிசேஷங்களிலும், பேதுரு சன்கெதரின் முன் நின்று பேசிய பேச்சிலும், சிலுவையில் அறையுண்டு உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் குறிக்கும் அச்சொல்லை அடிமை முறைக்குச் சூட்டினார். கேட்டவர்கள் கைதட்டினர். அக்கூட்டத்தில் ஞாயிறு தோறும் ஆலயத்தில் அமர்ந்தவர்களும் இருந்திருப்பர். இதனினும் கொடிய உவமையொன்றை அமெரிக்க அரசியல் மேடையில் தேடிக் காண்பது அரிது.

பிளவுண்ட சபைகள்

கொடி தைக்கப்படுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே சபைகள் பிளவுண்டிருந்தன. 1844இல் நியூயார்க்கில் கூடிய மெதடிஸ்ட் பேரவையில், ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆஸ்குட் ஆண்ட்ரூ அடிமைகளை உடையவராயிருந்ததே பெருவழக்காயிற்று. அவர் விலைகொடுத்து வாங்கவில்லை, உயிலாலும் திருமணத்தாலும் வந்தவர்கள் என்று அவருக்காக வாதாடினர். அத்தடை நீங்கும்வரை பேராயர் பணியை நிறுத்திவைக்குமாறு பேரவை தீர்மானித்தது. மறு ஆண்டே தென்பகுதி மெதடிஸ்டார் தனிச் சபையாயினர்.

பாப்டிஸ்ட் சபையின் பிரிவு நம்மை இன்னும் கூர்ந்து சிந்திக்கச் செய்கிறது. அங்கே எழுந்த கேள்வி, அடிமைகளை உடைய ஒருவர் மிஷனெரியாக அனுப்பப்படலாமா என்பது. ஜார்ஜியப் பாப்டிஸ்டார் ஜேம்ஸ் ரீவ் என்பவரைப் பரிந்துரைத்தபோது உள்நாட்டு மிஷன் சங்கம் அவரை நியமிக்க மறுத்தது. 1845 மே மாதத்தில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் தென்பகுதிப் பாப்டிஸ்ட் பேரவை பிறந்தது. நற்செய்தியை உலகெங்கும் அறிவிப்பதற்காகவே கூடினோம் என்று அவர்கள் எழுதிக்கொண்டனர், அது பொய்யுமன்று. இன்று அமெரிக்காவின் மிகப்பெரிய புரொட்டஸ்டண்ட் சபைப் பிரிவு அதுவே.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றைக் குறிப்பிடலாம். 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் மிஷன் பணியைத் தொடங்கிய அமெரிக்கன் போர்டு பாஸ்டன் நகரிலிருந்து இயங்கியது. அடிமைகளை உடையோரின் காணிக்கையை அப்போர்டு பெறலாமா என்றும், செரோக்கி, சோக்டா பழங்குடியினரிடையே அது நடத்திய சபைகளில் அடிமை உடையோர் அங்கத்தினராய் இருக்கலாமா என்றும் 1840களில் கடும் வாதம் எழுந்தது. போர்டு தெளிவாக மறுத்துரைக்கத் தயங்கியதால் அதிருப்தியுற்றோர் 1846இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்னும் வேறு சங்கத்தை நிறுவினர். நம் பகுதியில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எழுப்பிய அதே காணிக்கைப் பெட்டியைப்பற்றித்தான் அவ்வாதம் நடந்தது.

பிரஸ்பிட்டேரியர் கடைசியாகப் பிரிந்தனர். 1861 டிசம்பரில், போர் மூண்டபின், அதே அகஸ்டா நகரில் தென்பகுதியார் தனிப் பேரவை கூட்டினர். உலகத்திலுள்ள சபைகள் அனைத்திற்கும் அவர்கள் விடுத்த நிருபத்தை எழுதியவர் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல். அறிவாலும் ஒழுக்கத்தாலும் மதிக்கப்பட்ட இறையியலார். திருச்சபை ஆவிக்குரிய அமைப்பு, அரசின் ஒழுங்குகளில் அது தலையிடலாகாது, வேதம் கண்டிக்காத அடிமை முறையைச் சபை கண்டிக்க அதிகாரமில்லை என்பது அவர் வாதம். ஆனால் ஓராண்டிற்கு முன், 1860 நவம்பர் 29ஆம் நாள், அவருடைய சக ஊழியரான பெஞ்சமின் பால்மர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பிரசங்க பீடத்திலிருந்து, அடிமை முறையைப் பேணிப் பரப்புவது தென்னாட்டாரிடம் தெய்வம் ஒப்புவித்த பொறுப்பென்று கூறிப் பிரிவினைக்கு மக்களைத் தூண்டினார். அப்பிரசங்கம் அச்சாகிப் பல்லாயிரக்கணக்கில் பரவியது. அடிமையின் விடுதலைக்குப் பேசினால் அரசியல், அடிமை முறைக்குப் பேசினால் ஆவிக்குரிய ஊழியம் என்ற இந்த இரட்டை அளவுகோல் அகஸ்டாவோடு முடிந்துபோன பொருளன்று. நம் சபைகளில் சாதியைப்பற்றிப் பேச எழுந்த எந்த ஆயரும் அதனை அறிவார்.

அவர்கள் வேதத்தை அறியாதவர்களும் அல்லர். பிலேமோனுக்கு எழுதிய நிருபம், எபேசியர் ஆறாம் அதிகாரம், கானான் மீது நோவா இட்ட சாபம் ஆகியவற்றை எடுத்துக்காட்டி வாதிட்டனர். சாபத்திற்கும் ஆப்பிரிக்கருக்கும் மூலத்தில் எத்தொடர்பும் இல்லை என்பதை எபிரெயம் கற்ற அவர்கள் அறிந்திருக்கக்கூடும். மார்க் நோல் என்னும் சபை வரலாற்றாசிரியர் 2006இல் வெளியிட்ட நூலில், இப்போரை இறையியல் நெருக்கடி என்றே பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார்; மறை நூலை ஒரே முறையில் வாசித்த இரு சாராரையும் இறுதியில் தீர்த்துவைத்தவர்கள் இறையியலார் அல்லர், படைத்தளபதிகளே என்பது அவருடைய முடிவு.

அடிமைகளின் வாசிப்பு வேறாய் இருந்தது. எசமானர் அமர்த்திய பிரசங்கி கீழ்ப்படிதலைப் போதித்தபின், அவர்கள் இரவில் மரங்களுக்கிடையே இரகசியமாய்க் கூடி யாத்திராகமத்தை நினைத்தனர். தப்பியோடி விடுதலை பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில், கிறிஸ்துவின் சமயமும் இந்நாட்டு அடிமை உடையோரின் சமயமும் முற்றிலும் எதிரானவை, ஒன்றை நேசிப்பவன் மற்றதைப் பகைக்கவே வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். அவ்வாண்டு தென்பகுதிப் பாப்டிஸ்டாரும் மெதடிஸ்டாரும் தனித்துப் பிரிந்த ஆண்டு என்பது கவனிக்கத்தக்கது.

தோல்விக்குப் பின்

பழைய கணக்கின்படி இப்போரில் 6,20,000 வீரர் இறந்தனர். அண்மை ஆய்வுகள் அதனினும் மிகுதியாய்க் காட்டுகின்றன. தென்னாட்டில் இளைஞரை இழக்காத வெள்ளையர் குடும்பம் அரிதாயிற்று. அத்தாய்மாரின் கண்ணீரை எவரும் எள்ளலாகாது. தளபதி லீ 1869இல், போர்க்கள நினைவுச் சின்னங்கள் அமைக்க உதவ வேண்டுமென்று கேட்டவர்களுக்கு, போரின் புண்களைத் திறந்துவைக்காதிருப்பதே நலம் என்று மறுமொழி எழுதினார். அவரைத் தெய்வமாக்கியவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்கவில்லை.

1866இல் போலார்ட் என்னும் இதழாசிரியர் எழுதிய நூலின் பெயரால் ‘இழந்த இலட்சியம்’ என்றொரு கொள்கை வளர்ந்தது. போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, அடிமைகள் மகிழ்ந்திருந்தனர், தென்னாட்டு வீரர் தூயவர்கள், எண்ணிக்கையால் மட்டுமே தோற்றனர். இக்கொள்கையைப் பரப்பியதில் ஆயர்களின் பங்கு பெரிது. படைமுகாம்களில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் ஆயர் ஜே. வில்லியம் ஜோன்ஸ் 1887இல் வெளியிட்ட ‘முகாமில் கிறிஸ்து’ என்னும் நூல், தென்னாட்டுப் படையை எழுப்புதல் கண்ட பரிசுத்த படையாகக் காட்டுகிறது. 1894இல் தோன்றிய தென்னாட்டு மகளிர் சங்கம் நினைவுச் சிலைகளை நிறுவியதோடு சிறுவர்க்கென வினாவிடை நூல்களும் அச்சிட்டது. ஞானோபதேச வினாவிடையின் அமைப்பிலேயே, போரின் காரணம் என்ன என்ற வினாவும் அதற்குரிய விடையும் பிள்ளைகளின் மனத்தில் பதிக்கப்பட்டன. விசுவாசத்தைக் கற்பிக்கும் கருவியின் ஆற்றலை அச்சங்கத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

அதே காலத்தில், 1877க்கும் 1950க்கும் இடையே, 4,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வெறிக்கும்பல்களால் கொல்லப்பட்டனர். ஜேம்ஸ் கோன் 2011இல் வெளியிட்ட ‘சிலுவையும் தூக்குமரமும்’ என்னும் நூலில், வெள்ளை இறையியலார் இவ்விரண்டையும் ஒருங்கே காணத் தவறினர் என்பதையே பெருங்குற்றமாக எடுத்துரைக்கிறார்.

ஒன்றை இங்கே திருத்தமாகச் சொல்லவேண்டும். 1865 முதல் 1940கள் வரை போர்க்கொடி பெரும்பாலும் முதிய வீரர் கூட்டங்களிலும், இறந்தோர் நினைவு நாளிலும், சிலை திறப்புகளிலுமே பறந்தது. 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலைமீது புதிதாய் எழுந்த கு கிளக்ஸ் கிளான் சிலுவையை எரித்தது. ஆனால் 1920களில் அதன் ஊர்வலங்களில் முன்னே சென்றது பெரும்பாலும் அமெரிக்க நாட்டுக் கொடியே. நம் காலத்து வழக்கிற்கு உரிய கொடி வேறொரு காலத்தில் உருவாயிற்று.

1948இல், குடியரசுத்தலைவர் ட்ரூமன் குடியுரிமைச் சட்டங்களை முன்வைத்ததை எதிர்த்து, ஸ்ட்ராம் தர்மண்டின் தலைமையில் தென்னாட்டு அரசியல்வாதிகள் தனிக்கட்சி கண்டபோது போர்க்கொடி தேர்தல் மேடை ஏறியது. 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவு சட்டத்திற்கு முரணானதென்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956இல் ஜார்ஜியா மாநிலம் தன் கொடியில் போர்க்கொடியைச் சேர்த்தது. போர் நூற்றாண்டை முன்னிட்டு 1961இல் தென் கரோலினாவின் சட்டமன்ற மாளிகையில் ஏறிய கொடி, மறு ஆண்டு மன்றத் தீர்மானத்தால் அங்கேயே நிலைத்தது. 1963 ஏப்ரலில் நீதித்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடி மாண்ட்கோமரிக்கு வந்த நாளில் ஆளுநர் வாலஸ் அதை மாளிகையின் உச்சியில் ஏற்றினார். பாட்டனாரின் நினைவுக்காக என்று சொல்லப்படும் கொடி, பேரப்பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்வதைத் தடுக்க உயர்த்தப்பட்டதென்பதை இவ்வாண்டுகளே காட்டிவிடுகின்றன.

சார்லஸ்டன்

2000ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கொடி தென் கரோலினா மாளிகையின் உச்சியிலிருந்து இறக்கப்பட்டு, முன்னால் உள்ள வீரர் நினைவுச் சின்னத்தருகே நடப்பட்டது. இரு மன்றங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கின்றி அதைத் தொடலாகாதென்று சட்டமும் செய்தனர்.

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. சார்லஸ்டன் நகரத்து இம்மானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் ஆலயத்தில் சிலர் வேதபாடத்திற்குக் கூடியிருந்தனர். 1822இல், அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டாரென்று டென்மார்க் வெசி தூக்கிலிடப்பட்டபோது கட்டடம் அழிக்கப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் எழுந்த சபை அது. அன்றைய பாடம் மாற்கு நான்காம் அதிகாரத்து விதைப்பவன் உவமை. முன்பின் அறியாத வெள்ளை இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான். அவனை வரவேற்றுத் தங்களோடு அமர்த்திக்கொண்டனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தபின், கண்களை மூடி ஜெபித்த வேளையில் அவன் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான். ஆயரும் மாநில மேலவை உறுப்பினருமாகிய கிளமென்டா பிங்க்னி அவர்களில் ஒருவர். கொலைஞன் அக்கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் பின்னர் வெளிவந்தன. இரண்டாம் நாள் நீதிமன்றத்தில் இறந்தோரின் உறவினர் சிலர், அவனை மன்னிப்பதாகக் கூறினர்.

மாளிகையின் மேல் நாட்டுக்கொடியும் மாநிலக்கொடியும் அரைக்கம்பத்திற்குத் தாழ்ந்தன. போர்க்கொடி மட்டும், சட்டம் இடங்கொடாததால், முழு உயரத்தில் பறந்தது. பிங்க்னியின் உடலை மாளிகைக்குக் கொண்டுவந்தபோது அது அக்கொடிக்கு முன்பாகவே சென்றது. உள்ளிருப்போர் காணாதபடி சன்னலில் கறுப்புத் திரை இட்டனர். ஜூன் 27ஆம் நாள் ப்ரீ நியூசம் என்னும் கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். கீழே காவலர் இறங்கச் சொல்ல, அவர் தேவனுடைய நாமத்தைச் சொல்லி, கர்த்தருடைய ஜெபத்தையும் 27ஆம் சங்கீதத்தையும் உரைத்தவாறே இறங்கிக் கைதானார். ஒரு மணி நேரத்திற்குள் கொடி மீண்டும் ஏறியது.

கேட்டோரை அசைத்த பேச்சுகளில் ஒன்று பால் தர்மண்டினுடையது. 1948இல் அக்கொடியைத் தேர்தலுக்குக் கொணர்ந்தவரின் மகன். தம் முன்னோர் அடிமை முறையைக் காக்கப் போரிட்டனர் என்றும், அம்மரபில் தமக்குப் பெருமையில்லை என்றும் மேலவையில் கூறினார். மேலவை 36க்கு 3 என்றும் கீழவை 94க்கு 20 என்றும் வாக்களித்தன. பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகளாகிய ஆளுநர் நிக்கி ஹேலி கையெழுத்திட, ஜூலை 10ஆம் நாள் கொடி இறங்கிக் காட்சியகம் சென்றது.

இன்று அதனைப் பார்ப்போர்

கொடியை விரும்பும் அனைவரையும் வெறியர் என்று தள்ளுவது எளிது, உண்மையன்று. முன்னோரின் கல்லறையில் ஆண்டுக்கொருமுறை அதை நடும் முதியவர் எவரையும் வெறுக்காதவராய் இருக்கலாம். அவருடைய துக்கம் மெய்யானது. ஆனால் அவர் நினைக்கும் தென்னாட்டில் அன்றைய மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இடமில்லை. அவ்வடிமைகளும் தென்னாட்டாரே, அவர்தம் பேரப்பிள்ளைகளும் தென்னாட்டாரே. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் ஐக்கியப் படையில் சேர்ந்து அக்கொடிக்கு எதிராகப் போரிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தென்மாநிலங்களில் பிறந்தவர்கள். தென்னாட்டு மரபு என்று சொல்லும்போது இவர்களைக் கழித்துவிட்டே சொல்கின்றனர்.

வேறு சிலருக்கு வரலாறே இல்லை. 1979 முதல் 1985 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரொன்றில், கூரைமேல் இக்கொடி தீட்டிய காரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அது நாட்டுப்புறத் துணிச்சலின் அடையாளம். கூட்டரசில் சேர மறுத்து வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863இல் தோன்றிய மேற்கு வர்ஜீனியாவிலும், வடக்கேயுள்ள ஒஹையோவிலும் அது பறக்கிறது. அங்குள்ளோரின் முப்பாட்டன்மாரில் பலர் அதை வீழ்த்தப் போரிட்டவர்கள். 2021 ஜனவரி 6ஆம் நாள் வாஷிங்டன் நாடாளுமன்ற மாளிகைக்குள் ஒருவன் அதைத் தோளில் ஏந்தி நடந்தான். போர்க்காலத்தில் தென்னாட்டுப் படை அம்மாளிகையை அடைந்ததே இல்லை. கடல் கடந்த பிரேசிலிலோ, போருக்குப் பின் குடியேறிய தென்னாட்டாரின் வழித்தோன்றல்கள் சாந்தா பார்பரா ஊரில் அக்கொடியின் கீழ் விழா எடுத்தனர். அந்நாட்டின் முதல் பாப்டிஸ்ட் சபை 1871இல் அக்குடியேறிகளிடையே நிறுவப்பட்டதே. அடிமை முறை 1888 வரை அங்கே நீடித்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கொரிந்து சபைக்குப் பவுல் விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றைக் குறித்து எழுதியதை இவ்வழக்கிற்குப் பொருத்திப் பேசும் ஆயர்கள் உண்டு. எனக்கு அது முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அங்கே இடறுகிறவன் மனச்சாட்சியில் பலவீனன். இங்கே இடறுகிறவனோ பொருளைச் சரியாக அறிந்தவன். எசேக்கியா உடைத்த வெண்கலச் சர்ப்பத்தை ஒப்பிடுவோரும் உளர். அச்சர்ப்பம் ஒரு காலத்தில் உயிர் காத்தது. இக்கொடி யாருக்கும் அது செய்ததில்லை.

தென்பகுதிப் பாப்டிஸ்ட் பேரவை தன் 150ஆம் ஆண்டாகிய 1995இல் அடிமை முறைக்குத் துணைநின்றதற்காக மன்னிப்புக் கேட்டது. 2016 ஜூனில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியபோது, இக்கொடியைக் காட்டுவதைக் கிறிஸ்தவர் நிறுத்த வேண்டுமென்று தீர்மானித்தது. வரைவில் தயக்கமான சொற்கள் இருந்தன. கூட்டரசுப் படைவீரர் வழிவந்தவரும் முன்னாள் தலைவருமாகிய ஜேம்ஸ் மெரிட் எழுந்து, உலகிலுள்ள அக்கொடிகள் அனைத்தும் ஓர் ஆத்துமாவுக்கு ஈடாகா என்று கூறி அச்சொற்களை நீக்கச் செய்தார். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் 1953 முதல் லீயையும் ஜாக்சனையும் புகழ்ந்து நின்ற வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் இக்கொடியின் உருவும் இருந்தது. 2016இல் கொடியையும், 2017இல் சன்னல்களையும் அகற்றினர். 2023இல் கறுப்பின ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷல் வரைந்த சன்னல்கள் அவ்விடத்தில் வைக்கப்பட்டன.

மிசிசிப்பியில் 1894 முதல் மாநிலக் கொடியின் மூலையிலேயே இச்சின்னம் இருந்தது. 2001இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை வைத்துக்கொள்ளவே விரும்பினர். 2020இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டதற்குப் பின், மிசிசிப்பிப் பாப்டிஸ்ட் பேரவைத் தலைவர்களே அதை ஒழுக்கப் பிரச்சினை என்று அறிவித்து மாற்றக் கோரினர். ஜூன் இறுதியில் சட்டமன்றம் அதை நீக்கியது. புதிய கொடியில் கடவுளை நம்புகிறோம் என்ற நாட்டு முழக்கம் கட்டாயம் இடம்பெற வேண்டுமென்றும் விதித்தது.

ஜார்ஜியாவின் கதை சற்று வேறானது. 1956இல் சேர்த்த போர்க்கொடியை அம்மாநிலம் 2001இல் சுருக்கி, 2003இல் முற்றிலும் அகற்றியது. அதற்கு மாற்றாக ஏற்ற கொடியில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள்; மேல்மூலையில் நீலச் சதுரத்துள் 13 விண்மீன்களின் வட்டம்; நடுவே மாநிலச் சின்னமும் கடவுளை நம்புகிறோம் என்ற சொற்களும். 1861 மார்ச் 4ஆம் நாள் மாண்ட்கோமரியில் கூட்டரசு ஏற்ற முதற்கொடி ஏறக்குறைய இதுவே; ஸ்டீபன்ஸ் மூலைக்கல்லைப்பற்றிப் பேசிய நாளில் அவ்வரசின் கொடியும் அதுவே. பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் அது நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அதைக்குறித்து வழக்காடுவோர் மிகச் சிலரே.